வழியில் கிடந்த தழை

ஏற்காட்டில் என் வீட்டுக்காரர் நடந்த வழி அஞ்சு. எதுவும் நீளமில்லை. போய்த் திரும்ப அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ரெண்டு நாளில் அந்த அஞ்சையும் நான் எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கே நின்று நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஏரித்தண்ணி என்ன நிறம் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் தரையைத்தான் பார்த்தேன். தரையைப் பார்த்தும் தவறவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவள். ஏழாவது வரைக்கும் படிப்பு. அவர் லாரி டிரைவர். முப்பது வருசம் ஓட்டினார். நாக்பூர், இந்தூர், கட்டாக் என்று லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இருபது நாள் ஆகும். அப்புறம் சர்க்கரை வந்தது. ஊசி போட்டுக்கொள்கிற அளவுக்கு ஏறியது. இடது காலில் ஒரு கொப்புளம் வந்து, புண்ணாகி, சுண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது கிளட்ச் மிதிக்கிற கால். அதற்கப்புறம் ஓனர் வண்டிச் சாவி தரவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

வீட்டில் சும்மா உட்கார அவருக்கு ஆகவில்லை. முன்னால் அவரிடம் கிளீனராக இருந்த ஒருவர் ஏற்காட்டில் ஒரு காட்டேஜில் வாட்ச்மேன் வேலை சொல்லி விட்டார். தங்க இடம், சாப்பாடு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அங்கே நடக்கலாம் என்று போனார்.

தினமும் காலையில் ஏழு மணிக்கு போன் பண்ணுவார். நான் தறிக்குக் கிளம்புகிற நேரம்.

"ஏம்புள்ள, முப்பது வருசமா இந்தக் காலு எதுக்கு இருக்குதுன்னே தெரியாமப் போச்சு. பிரேக் மிதிக்கத்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்" என்றார் ஒரு நாள்.

வழிகளுக்கு அவரே பேர் வைத்துக்கொண்டார். ஏரியைச் சுற்றிப் போவது ரிங் ரோடு. காப்பித் தோட்டத்து வேலியோரம் போவது பைபாஸ். எஸ்டேட் கேட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து எங்கே போகிறாய் என்று கேட்பார், அந்த வழி டோல்கேட். கீழே சேலம் தெரிகிற பாறைக்குப் போகிற வழி பார்க்கிங். அஞ்சாவது, முனியப்பன் கோயிலுக்குப் பின்னால் சரிவாக இறங்கி ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியில் முடிகிறது. அதற்கு செகண்ட் கியர் என்று பேர்.

"அதுல செகண்ட் கியர் போட்டுத்தான் எறங்கோணும். இல்லீன்னா நேரா சேலந்தான்."

"பாத்துப் போங்க. உங்களுக்குக் கால்ல முள்ளு ஏறுனாலும் தெரியாது."

"தெனமும் டயரு தட்டிப் பாத்துட்டுத்தான் கெளம்பறேன் புள்ள."

கால் மரத்துப் போனதைத்தான் நான் சொன்னேன். அவர் டயர் என்று சிரித்தார். அப்படித்தான் பேசுவார்.

அந்தத் திங்கள்கிழமை காலையும் பேசினார்.

"ஊசி போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"நடந்துட்டு வந்து சாப்படறேன். இட்லி இன்னும் வேவல."

"ஊசி போட்டா உடனே சாப்பிடோணும்னு டாக்டர் சொன்னாருல்லீங்க."

"பாக்கெட்ல மிட்டாய் இருக்குது. நீ போய் தறியப் பாரு."

சாயந்தரம் நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஏழரை மணிக்கு காட்டேஜ் மேனேஜர் பையன் எடுத்தான். "அக்கா, போன் இங்க சார்ஜ்லதான் கெடக்குது. அண்ணன் காலையில நடக்கப் போனாரு, அப்பறம் பாக்கல. ஊருக்கு வந்துட்டாருன்னு நெனச்சோம்."

போனை விட்டுவிட்டு ஊருக்கு யார் வருவார்கள். அவனுக்கு அது தோணவில்லை.

ஒரே மகள். சங்ககிரியில் இருக்கிறாள். ஒன்பது மாசம். அவளுக்குச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விடியக்காலையில் முதல் பஸ் பிடித்து சேலம் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறினேன்.

காட்டேஜ் சமையல்கட்டில் பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். தக்காளி வைக்கிற தட்டில் அவருடைய ஊசி மருந்து பாட்டில் இருந்தது. திங்கள் சாயந்தரம் ஒரு ஊசி போடவில்லை. செவ்வாய் காலை இன்னொன்று. ரெண்டு ஆயிற்று. எனக்கு அன்றைக்கு மணி தெரியவில்லை. ஊசிதான் தெரிந்தது.

சமையல் பண்ணுகிறவள் மலை ஊர்க்காரி. என்னை விட நாலைந்து வயசு சின்னவள். அவரைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"லாரி அண்ணனா? வளைவு வந்தா வாயாலயே ஹாரன் அடிப்பாருக்கா. காட்டெருமை வழி விடணுமாம்."

என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம் போனாரு?"

"பாக்கலக்கா. இட்லி எடுத்து மூடி வெச்சேன். மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அப்பறம் நாய்க்குப் போட்டேன்."

மேனேஜர் பையன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "சரக்கு கிரக்கு பழக்கம் உண்டாக்கா?"

"இருந்துச்சு. உட்டு ஆறு வருசமாச்சு."

"உட்டவங்கதான்க்கா திடீர்னு ஒரு நாளு..."

"தம்பி, கம்முனு இரு" என்றேன்.

மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த தண்ணி பாட்டிலோடு சேர்த்துத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். கண்டுபிடித்தால் உடனே வேண்டுமே.

முதலில் ரிங் ரோடு. ஏரியோரம் கம்பி போட்டிருக்கிறது. போனில் அவருடைய போட்டோவைக் காட்டி எதிரில் வந்தவர்களை எல்லாம் கேட்டேன். ஒரு குடும்பம், நான் பேசி முடிப்பதற்குள் அவர்கள் போனை என் கையில் கொடுத்தது. போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஏரி தெரிகிற மாதிரி நின்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மா தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனது.

பைபாஸ். வேலியோரம் முழுக்க நடந்தேன். காப்பிச் செடிக்குள் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

டோல்கேட்டில் உட்கார்ந்திருந்தவர் போட்டோவைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "லாரிக்காரரா? தெனம் பர்மிட் இருக்குதுன்னு கையக் காட்டிட்டுப் போவாரே. நேத்து இந்தப் பக்கம் வரலம்மா." அப்போ அந்த வழி இல்லை. ஒன்று கழிந்தது.

பார்க்கிங் பாறைக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் இருக்கிறது. அதில் சாய்ந்து கீழே பார்க்க வேண்டும். கீழே பார்ப்பதற்குத்தான் எல்லாரும் அங்கே வருகிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். அப்புறம் திறந்தேன். பாறை, புதர், பிளாஸ்டிக் பாட்டில். காக்கி நிறம் எங்கேயும் இல்லை. டிரைவர் வேலை போன பிறகும் அவர் காக்கிச் சட்டையை விடவில்லை. வாட்ச்மேனுக்கும் அதுதானே என்பார்.

மத்தியானம் வேலை முடித்துவிட்டு சமையல்காரியும் கூட வந்தாள். ரெண்டு பேரும் முனியப்பன் கோயிலுக்குப் பின்னால் இறங்கினோம். செகண்ட் கியர். ரெண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், மரத்தில் மிளகுக்கொடி. கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. ஒரு ஆள் போகிற அகலம்தான் வழி. கோயிலிலிருந்து ஒரு நூறு அடி இறங்கியிருப்போம். வழியின் குறுக்கே ஒரு தழை கிடந்தது. ஒடித்துப் போட்ட கொப்பு. இலை வாடியிருந்தது, ஆனால் பச்சை. மேலே ஒரு கல் வைத்திருந்தது. தேங்காய் அளவு.

என் சேலை அதில் மாட்டியது. சமையல்காரி சொன்னாள், "வெறகு ஒடிச்சவங்க போட்டுட்டுப் போயிருப்பாங்க." நான் சேலையை எடுத்துவிட்டு, தழையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். கல் உருண்டது. இடது பக்கச் சரிவில் இறங்கி, சருகில் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டு போய், எங்கேயோ பாறையில் முட்டி நின்றது.

அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

நாங்கள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இறங்கினோம். அங்கே நின்று கூப்பிட்டேன். தொட்டி பாழடைந்தது, சத்தம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. தழை கிடந்த இடத்தில் நான் கூப்பிடவில்லை.  வழியின் கடைசியில் இருப்பார் என்று நினைத்தேன். வழியில் பாதியில் நிற்பார் என்று நினைக்கவில்லை.

சாயந்தரம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அடையாளம் கேட்டார்கள். இடது காலில் சுண்டு விரல் இல்லை என்று எழுதினேன். என் எழுத்து கோணல். எழுத்து புரிகிறதா என்று கேட்டேன். புரிகிறது என்றார்கள்.

சமையல்காரி வீட்டில் படுத்தேன். படுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மலையில் ராத்திரி குளிர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் நாலு ஊசி ஆகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ரெண்டு பேர், எஸ்டேட்டிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான். எல்லா வழியிலும் போனார்கள். செகண்ட் கியரிலும் இறங்கித் தொட்டி வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார்கள். வழி சுத்தமாக இருந்தது. சுத்தம் பண்ணியவள் நான்தான்.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு போன் வந்தது. போலீஸ்காரர் பேசிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா, அடிவாரத்துக்கிட்ட ஒரு ஆளு கெடைச்சிருக்காரு. அம்பது அம்பத்தஞ்சு வயசு. பேரு தெரியல. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரராத்தான் இருக்கணும்னு இல்ல. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க."

"உசுரோடயாங்க?"

அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்திருந்தேன். உள்ளே மருந்து பாட்டில். செத்தவரைப் பார்க்கப் போகிறவளுக்கு அது எதற்கு. ஆனாலும் வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் பாட்டில் உடையக்கூடாது என்று இறுக்கிப் பிடித்தேன்.

ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். அங்கே படுத்திருக்கிறவருக்கு இடது காலில் சுண்டு விரல் இருக்கணும். அஞ்சு விரலும் இருக்கணும். அவருக்கும் வீடு இருக்கும், என்னைப் போல ஒருத்தி இருப்பாள் என்று தெரியும். தெரிந்தும் அப்படித்தான் வேண்டினேன்.

எட்டாவது வளைவோ, ஒன்பதாவதோ. பஸ் நின்றது. முன்னால் ஒரு மர லோடு லாரி பஞ்சராகி நின்றிருந்தது. எதிரில் வண்டி வந்துகொண்டிருந்ததால் எங்கள் பஸ் காத்திருந்தது. பஸ்ஸில் எல்லாரும் பள்ளத்தைப் பார்த்தார்கள். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன்.

ரோட்டில் தழை கிடந்தது. ஒடித்துப் போட்ட கொப்பு. மேலே கல். இருபது அடி தள்ளி இன்னொன்று. அதற்கு மேலும் கல்.

எங்களுக்குக் கலியாணமான முதல் வருசம் ஒரு தடவை என்னையும் வண்டியில் கூட்டிப் போனார். நாக்பூர் லோடு. ஆந்திராவில் எங்கேயோ ஆக்சில் உடைந்து நின்றுவிட்டது. மத்தியான வெயில். அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு எனக்கு வேலை சொன்னார். "வேப்பந்தழை ஒடிச்சுட்டு வா. ரோட்டு மேல போடு. கல்லு வெய்யி, இல்லீன்னா காத்துல போயிரும்." எதற்கு என்று கேட்டேன். "வண்டி நிக்குதுன்னு பின்னால வரவனுக்குச் சொல்றது புள்ள. தழையப் பாத்தா எவனா இருந்தாலும் மெதுவா வருவான், நின்னு பாப்பான்." நானே என் கையால் ஒடித்துப் போட்டேன். கல் தூக்கி வைத்தேன். கை எரிந்தது. அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

அந்தக் கைதான். தழையைத் தள்ளிய காலும் அதே ஆளுடையதுதான்.

எழுந்து நின்றேன். "இறக்கி உடுங்க."

கண்டக்டர், "இங்கெல்லாம் இறக்க முடியாதும்மா. அடிவாரத்துல எறங்கிக்குங்க" என்றார்.

"நான் பொணம் பாக்கப் போறனுங்க. இப்பப் போவல. இறக்கி உடுங்க."

 கண்டக்டர் விசில் ஊதினார். கதவு திறந்தது.

லாரி டிரைவர் ஜாக்கி போட்டுக்கொண்டு சக்கரத்தடியில் குந்தியிருந்தார். நாமக்கல் வண்டி. நாற்பது வயசு இருக்கும். நான் போய் நின்று சொன்னேன். எங்க ஊட்டுக்காரரு லாரி டிரைவருங்க, திங்கக்கெழமையிருந்து காணோம், மேல ஒரு வழியில தழை கெடந்துச்சு என்று. 

அவர் ஒன்றுதான் கேட்டார். "கல்லு வெச்சிருந்துச்சுங்களா?"

"வெச்சிருந்துச்சுங்க."

"அப்ப லாரிக்காரன்தானுங்க." கையை லுங்கியில் துடைத்தார். கிளீனரிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மேலே போகிற காய்கறி வேன் ஒன்றை ரோட்டு நடுவில் நின்று நிறுத்தினார். "அக்கா, ஏறுங்க. நானும் வாரேன்."

வேனில் மேலே போனோம்.  கோயிலில் இறங்கி ஓடினோம். தழை நான் தள்ளிய இடத்தில், வழியோரம், சுருங்கிப் போய்க் கிடந்தது.

அவர் அதைப் பார்த்தார். "வழியில கெடந்துச்சுன்னீங்க?"

"கெடந்துச்சுங்க."

"கல்லு?"

நான் சரிவைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

"எறங்கறப்ப நின்னுருக்குதுங்க வண்டி. தழை போட்டா அதுக்கு முன்னால முப்பது அடிக்குள்ளதான் நிக்கும்." எண்ணிக்கொண்டே கீழே நடந்தார். நானும் எண்ணினேன். ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் சருகு அமுங்கியிருந்தது, ஆள் உட்கார்ந்த மாதிரி. மிட்டாய்த் தாள் மூணு. அங்கிருந்து இடது பக்கச் சரிவில் சருகு விலகி ஒரு தடம் இறங்கியது. செவ்வாய்க்கிழமை நானும் சமையல்காரியும் இதே இடத்தைத் தாண்டித்தான் போனோம். காலையில் நாலு பேரும் தாண்டித்தான் போனார்கள்.

நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். டிரைவர் கையைக் காட்டினார், சத்தம் போடாதே என்று.

கீழேயிருந்து டொக், டொக் என்று கேட்டது. கல்லைக் கல்லில் தட்டுகிற சத்தம். விட்டு விட்டு.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. முழங்கை ரெண்டும் தோல் போயிருந்தது, அப்புறம்தான் பார்த்தேன். ரெண்டு பாறைக்கு நடுவில், ஈரம் கசிகிற இடத்தில், சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையும் சருகும் ஒரே நிறம். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. பாதம் கறுத்திருந்தது. வாசம் வந்தது. கையில் ஒரு கல் இருந்தது.

கண்ணைத் திறந்தார்.

"ஊசி கொண்டாந்தயா?"

சத்தமே இல்லை, காற்றுதான் வந்தது.

"கொண்டாந்தேனுங்க."

"தழையப் பாத்தயா?"

"பாத்தேனுங்க."

"அதான" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டிரைவர் மேலே ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தார். போர்வையில் கட்டி ரெண்டு கம்பில் கோத்துத் தூக்கினார்கள். நான் மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். அவரைக் கொண்டுபோனதும் அதே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். பேர் தெரியாத அந்த ஆளை நான் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு எத்தனை விரல் என்று எனக்குத் தெரியாது. யாராவது வந்து பார்த்திருப்பார்கள்.

காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன். டாக்டரம்மா சின்னப்பிள்ளை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னது. "ஒரு நாள் முன்னாடி கெடச்சிருந்தா பாதத்தோட நிறுத்தப் பாத்திருக்கலாம்மா. இப்ப உயிரக் காப்பாத்தணும்." அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

ஒரு நாள். செவ்வாய் மத்தியானத்திலிருந்து புதன் மத்தியானம் வரைக்கும்.

நாலாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இறங்கியதில் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். உட்கார்ந்தாராம். மிட்டாய் தின்றும் தீரவில்லையாம். போன் இல்லை. பழக்கத்தில் தழை ஒடித்து, நாலு காலில் போய் வழியில் போட்டு, கல் வைத்துவிட்டு வந்தாராம். பின்னால் யாராவது வருவார்கள் என்று. தாகம் தாங்காமல், தண்ணி சொட்டுகிற சத்தம் கேட்டுச் சரிவில் இறங்கியிருக்கிறார். கால் எங்கே வைக்கிறோம் என்று காலுக்குத் தெரியவில்லை. உருண்டுவிட்டார்.

"மொத நாள் கத்துனதுலயே தொண்டை போயிருச்சு. மக்யா நாளு, ரெண்டாம் நாளு, மத்தியானத்துக்கு மேல ஒரு கல்லு உருண்டு வந்துச்சு புள்ள. எனக்குப் பத்தடி தள்ளி வந்து பாறையில முட்டுச்சு. மேல யாரோ போறாங்கன்னு கத்திப் பாத்தேன். சத்தம் வரல. தட்டறதுக்குக் கல்லு ஒண்ணும் கைக்குச் சிக்கல. எட்டி எட்டிப் பாத்தும் ஆப்படல. எருமையோ என்னமோ தட்டி உட்டுட்டுப் போயிருக்கும்."

நான் பிளாஸ்கில் இருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் அந்தக் கல்லுகிட்டத்தான் தவந்து போனேன். ராத்திரியெல்லாம் ஆச்சு. அதுதான் கையில வெச்சிருந்தது. அதுலதான் தட்டுனேன்."

பாலைக் கொடுத்தேன். சூடா என்று பார்த்துக் குடிக்கச் சொன்னேன். 

அந்த வாரமே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போனில் பார்த்தார்.

இது நடந்து ரெண்டு வருசம் ஆகிறது. இப்போது கட்டைக்கால் போட்டு, ஊன்றுகோலோடு நடக்கிறார். வீட்டிலிருந்து தறிக்குடோன் முக்கு வரைக்கும் போய் வருவார். அதற்கு சர்வீஸ் ரோடு என்று பேர் வைத்திருக்கிறார். பார்க்க வருகிற உறம்பரை, சொந்தக்காரர்களிடம் எல்லாம் ஒரே கதை. "போலீசு, எஸ்டேட்டுக்காரன் ஒருத்தனுக்கும் தெரியலீங்க. இவ தழையப் பாத்தா பாருங்க, கண்டுக்கிட்டா. லாரிக்காரன் பொண்டாட்டிங்க." நான் டீ வைக்க உள்ளே போய்விடுவேன். ஒரு தடவை என் அண்ணி சொன்னாள், "என்னடி, உம்புருசன் உன்னப் புகழறாரு, நீ அடுப்புக்கிட்டப் போய் ஒளிஞ்சுக்கற." சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நாமக்கல் டிரைவர் எப்போதாவது போன் பண்ணுவார். அண்ணன் எப்படி இருக்காரு என்பார். நல்லா இருக்காருங்க என்பேன். வேறொன்றும் கேட்க மாட்டார். போன வெச்சரட்டுங்களா என்பார்.

இப்போது இவருக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். போன மாசம் முழுக்க நான் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். மருமகனிடம் சொல்லிக் கார் ஏற்பாடு பண்ணிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை. கோயில் வரைக்கும் கார் போகும். அங்கிருந்து நூறு அடி. மருமகன் பிடித்துக்கொண்டால் மெதுவாக இறங்கிவிடுவார்.

"நீ எங்க நின்னு பாத்தேன்னு காட்டோணும். அந்த எடத்துல ஒரு போட்டோ எடுத்துக்கலாம் ரெண்டு பேரும்" என்றார்.

அங்கே நின்று என்னால் கையை நீட்டிக் காட்ட முடியாது. அதனால் எழுதினேன். வாயில் வராததைத் தறி நிற்கிற நேரத்தில் எழுதினேன், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். அவருக்கு நன்றாகப் படிக்க வரும். ரோட்டில் எத்தனை போர்டு படித்தவர். என் எழுத்து கோணல்தான், ஆனாலும் புரியும்.

நாளைக் காலையில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஊசி போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு.